பழைய கூலர், புதிய செயலி



கணினியின் செயலியை மாற்றும்போது பழைய கூலரையே பொருத்தலாமா என்று பங்கு இளையோர் சிலர் கேட்டனர். நியூ ஜெர்சியில் நாங்கள் செய்து பார்த்ததையே விடையாகத் தருகிறேன்.

எங்கள் தமிழ்த் திருப்பலியை நேரலையாக அனுப்புவது ஒரு மேசைக் கணினி. படுத்த படுக்கையாய் இருக்கும் முதியோரும், ஊரிலுள்ள பெற்றோரும் அதன் வழியாகவே எங்களோடு இணைகின்றனர். அதிலிருந்த ரைசன் 5 1600 என்னும் 2017-ஆம் ஆண்டுச் செயலி திணறத் தொடங்கியது. பாடல் நடுவே காட்சி உறைந்து நின்றது. செலவழிப்பதோ மக்களின் காணிக்கை. எனவே 2022-இல் வெளிவந்த ரைசன் 7 5700எக்ஸ் செயலியைத் தேர்ந்தோம். ஆறு கருக்களுக்குப் பதில் எட்டு. ஆனால் பெட்டியில் கூலர் கிடையாது. பழைய செயலியோடு வந்த ரெய்த் ஸ்பையர் கூலர் கையிலிருந்தது.

இந்நிலையில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, பொருந்துமா? எங்களுடைய இரு செயலிகளும் ஏஎம்4 சாக்கெட்டுக்கு உரியவை. ஆகவே திருகுத் துளைகள் மாறவில்லை. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டிலும் ஏஎம்டி அதே துளை அளவைக் காத்தது. ஆயினும் அதன் பின்தகட்டைக் கழற்ற இயலாது. தனக்கென வேறு பின்தகடு கேட்கும் கூலர்கள் அங்கே அப்படியே அமரா. சான்டா கிளாராவிலேயே தலைமையகம் கொண்ட இன்டெல், 2009 முதல் 75 மில்லிமீட்டராக இருந்த துளை இடைவெளியை 2021-இல் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்காக 78 ஆக்கியது. மூன்றே மில்லிமீட்டர்தான், ஆனால் தனிப் பொருத்துச் சட்டம் தேவைப்படும். நாக்டுவா போன்ற நிறுவனம், கூலர் வாங்கிய ரசீதோடு புதிய செயலி அல்லது தாய்ப்பலகை வாங்கிய ரசீதையும் காட்டினால் அதனை இலவசமாகவே அனுப்புகிறது.

இரண்டாவது, தாங்குமா? பழையதும் புதியதும் 65 வாட் என்றே குறிக்கப்பட்டவை, எனவே துணிந்தோம். 105 வாட் கொண்ட 5800எக்ஸ் செயலியாக இருந்திருந்தால் அச்சிறு கூலர்மீது அச்சுமையை ஏற்றியிருக்க மாட்டேன். வாட் ஒன்றாக இருப்பினும் புதிய செயலி சற்றுக் கூடுதல் சூட்டைக் காட்டலாம். சிறிய சில்லுக்குள் அதே வெப்பம் செறிவதே காரணம்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

செய்முறையிலும் ஒழுங்கு வேண்டும். பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பிறகு கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, பசை இளகியிருக்கையில் கூலரை மெல்ல இடமும் வலமும் திருகி எடுங்கள். நேரே இழுத்தால் ஏஎம்4 செயலி கூலரோடு ஒட்டியபடியே பிடுங்கிக்கொண்டு வரலாம். அதன் அடியிலுள்ள 1331 ஊசிகளும் மிக மென்மையானவை. காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் இடுங்கள். விசிறித் தூசியைத் தட்டுங்கள். திருகுகளைக் குறுக்கு வாட்டில் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

இறுதியாக, வேலை கொடுத்துச் சோதியுங்கள். ஞாயிறுவரை காத்திராமல், சனி மாலையிலேயே ஒரு மணி நேரம் ஒத்திகை நேரலை ஓட்டினோம். அச்செயலிக்கு ஏஎம்டி வகுத்த 90 செல்சியஸ் எல்லைக்குக் கீழேயே வெப்பம் நின்றது. மறுநாள் திருப்பலி முழுவதும் காட்சி தடைபடவில்லை. அவ்வெல்லையை அது தொட்டிருந்தால், வேகம் குறைந்து மீண்டும் படம் தடுமாறியிருக்கும்; அப்போது புதுக் கூலர் வாங்குவதே சிக்கனமாகியிருக்கும்.

ஆகவே பழையதென்று எறியவும் வேண்டாம், இருக்கிறதென்று மாட்டவும் வேண்டாம். உங்கள் சாக்கெட்டின் பெயரையும், இரு செயலிகளின் வாட் அளவையும் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை