வட்டமிடுதல் எனும் வினை

கோடை நண்பகலில் தில்லிப் பருந்துகள் சிறகடிக்காமலே மேலேறுகின்றன. அதைத் தமிழில் 'வட்டமிடுதல்' என்கிறோம், இந்தியில் 'மண்டரானா'. இயக்க வினைகளை ஆராயும் எனக்கு இது வியப்பு: இரண்டும் சுழற்சியைச் சொல்கின்றன, ஏற்றத்தைச் சொல்வதில்லை.

அதுவே சரி என்பேன். சிறகடிக்காத பறவை, தன்னைச் சூழ்ந்த காற்றினூடே கீழ்நோக்கியே சரிகிறது. அக்காற்று அதைவிட விரைந்து மேலெழுவதால்தான் உயர்கிறது. சுடுநிலத்திலிருந்து எழும் அவ்வெப்பக் காற்றுத்தூண் குறுகலானது. நேரே பறந்தால் கைநழுவிவிடும். ஆகவே வட்டம். ஆண்டீஸ் காண்டோர் ஒன்று ஐந்து மணிநேரத்துக்கும் மேலாக, ஏறத்தாழ 172 கி.மீ. தொலைவை ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் கடந்ததை 2020இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது.

ஆனால் இரு மொழிகளிலும் ஆபத்தும் வட்டமிடுகிறது! பருந்து இரையையும் தேடுகிறதுதான்; எனினும் அதன் சிக்கனத்தை வஞ்சமென்று படித்தவர்கள் நாமே. எங்கள் தரவுத்தொகுப்பில் இவ்வினைக்கு 'உள்நோக்கமுடையது' என்னும் குறி உள்ளது. அதை நீக்குமாறு நெறியாளரிடம் நாளை வாதிடவிருக்கிறேன்.