கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா?

மாமியார் மருமகள் விவகாரம் என்று நினைத்து ஆவலோடு புரட்டிய சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் மென்பொருளைப் பற்றி. ஆனால் அங்கேயும் இதே வழக்குத்தான், கேளுங்கள்!

என் பெண்ணுக்கு மென்பொருள் கட்டுவதுதான் உத்தியோகம். "வீட்டைப் போல அதற்கும் பிளான் உண்டா?" என்று கேட்டேன். "ஒன்றா, இரண்டா! பல தினுசு உண்டு, அம்மா" என்றாள்.

நம் பாட்டனார் காலத்து மூன்று கட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் முதல் கட்டோடு நிற்பார். கணக்கு வழக்கு நடுக்கட்டில். சாமான் அறை கடைசிக் கட்டில். திரையில் நாம் காண்பது, கணக்குப் பார்ப்பது, தகவலைச் சேமிப்பது என்று மென்பொருளையும் இப்படி அடுக்குவது ஒரு முறை. தண்டோராப் போட்டதும் சம்பந்தப்பட்டவர்கள் தாமாக வந்து வேலையைக் கவனிப்பது போல் அமைப்பது இன்னொரு முறை.

பெரிய வழக்கு என்னவோ கூட்டுக் குடும்பத்துக்கும் தனிக்குடித்தனத்துக்கும்தான். எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் செலவு சிக்கனம். ஆனால் அடுப்பு அணைந்தால் அத்தனை பேரும் பட்டினி! அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் கம்பெனிக்கு 2008-ல் அந்தக் கதிதான் நேர்ந்தது. தகவல் களஞ்சியம் பழுதாகி, மூன்று நாள் வாடிக்கைக்காரர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. பிறகு வேலைகளைச் சிறு சிறு குடித்தனங்களாகப் பிரித்து, அமேஸானின் வாடகைக் கம்ப்யூட்டர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அது முடிய 2016 ஜனவரி ஆயிற்று.

அப்படியானால் தனிக்குடித்தனமே மேல் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அதே அமேஸானின் பிரைம் வீடியோவில், படமும் ஒலியும் சரியாக வருகின்றனவா என்று கண்காணிக்கும் வேலையைத் துண்டு துண்டாக வைத்திருந்தார்கள். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தூக்கிக் கொடுப்பதிலேயே பணம் கரைந்தது. ஒன்றாகச் சேர்த்ததும் செலவு 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-ல் அவர்களே எழுதினார்கள்!

என் பெண்ணுக்குக் கைக்குழந்தை. சில நாள் நடுநிசியில் ஆபீஸிலிருந்து போன் அலறும். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் உலாத்துவேன். எந்தக் குடித்தனத்தில் கோளாறு என்று அவள் தேடுவாள். "நாலு பேர் கவனிக்கிற வேலைக்கு நாற்பது குடித்தனம் எதற்கம்மா?" என்பாள்.

பிளான் போடுகிறவர்கள் பிறர் வீட்டைப் பார்த்துப் போட வேண்டாம். ஓரிடத்தில் பழுது வந்தால் எத்தனை பேர் பட்டினி, நடுராத்திரியில் எழுந்து பார்க்கப் போகிறவள் யார் என்று யோசித்தால் போதும். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடட்டுமே!