வானம் பொய்த்தாலும் நாம் பொய்க்க வேண்டாம்

ஐப்பசி பிறந்துவிட்டது. எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்தில் காலையில் பனி, மதியம் சித்திரை வெயில், பொழுது சாய்ந்தால் இடிச் சத்தம் மட்டும். அம்மா வாசலில் நின்று, "வடக்கால மின்னுது, இன்னைக்காவது வருமா?" என்கிறார்.

எங்கள் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். தை, மாசியில் முந்திரி பூக்கும்போது மழையும் மூடுபனியும் சேர்ந்தால் பூ கருகிவிடும். ஒரு வருஷத்து நம்பிக்கை ஒரே வாரத்தில் போய்விடும்.

2011 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? தானே புயல் கரையைக் கடந்த நாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அங்கிருந்த பெரியம்மாவுக்கு போன் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பா அரிசியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். விழுந்த மரத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "மரம் போனா போகுது, நீ வந்தியே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் உடையும்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் பெரிய லிங்கத்தை மூட்டை மூட்டையாக வடித்த சோறு மூடும். விளைந்த வருஷமும் விளையாத வருஷமும் அந்தச் சோற்றை வாங்க ஊரே ஒன்றாகத்தான் நிற்கிறது.

பருவம் நம் கையில் இல்லை. பேசாமல் விட்டுப்போன ஒரு உறவின் நம்பர் நம் கையில் இருக்கிறது. இன்று ராத்திரிக்குள் கூப்பிட்டு, "சாப்டீங்களா, அங்க மழையா?" என்று கேளுங்கள்.