4,500 அடி உயரத்தில் ஒரு பாட்டு

``சொந்தமா விமானமே வெச்சிருக்கீங்களா?'' ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ``ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கினது. 1975-ம் வருஷத்து செஸ்னா 172. நாலு பேர் இடிச்சுக்கிட்டு உட்காரலாம்'' என்பேன். கேட்டவர் முகம் கொஞ்சம் இறங்கிவிடும். பழைய அம்பாசடருக்கு இறக்கை வைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் எங்கள் விமானம்.

உள்ளே சத்தம் காதைப் பிளக்கும். ஹெட்செட் இல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. இப்போது வரும் ஹெட்செட்டுகள் இன்ஜின் இரைச்சலைப் பெருமளவு அமுக்கிவிடுகின்றன. போனை ப்ளூடூத்தில் இணைத்தால் பாட்டும் கேட்கலாம். தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி பேச ஆரம்பித்ததும் பாட்டு தானாக அடங்கிவிடும். கீழே பச்சை வயல், காதில் இளையராஜா. அந்தச் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

போன் இல்லாத காலத்து விமானிகளுக்கும் பாட்டு இருந்தது. எங்கள் விமானத்தில் ஏ.டி.எஃப் என்றொரு பழைய கருவி இன்னும் இருக்கிறது. வழிகாட்டி நிலையங்களின் ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையை அதன் முள் காட்டும். சாதாரண ஏ.எம் வானொலி நிலையத்தையும் அதில் பிடிக்கலாம். பாட்டும் கேட்கும், நிலையம் இருக்கும் ஊருக்கு வழியும் தெரியும். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்கள்கூட, ஹொனலூலு வானொலியின் இசையைப் பிடித்துத்தான் திசையைச் சரிபார்த்துக்கொண்டன.

பயிற்சியின்போது இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம், தூத்துக்குடியில் என் அப்பா தினமும் செய்தது இதைத்தான். டிரான்சிஸ்டரை மேஜையில் இப்படியும் அப்படியும் திருப்புவார். ஒரு பக்கம் திருப்பினால் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் முனகும். உள்ளே இருக்கும் ஏரியலுக்குத் திசை தெரியும் என்பதுதான் விஷயம். ரேடியோ கரகரத்தால், ``எங்கேயோ இடி இறங்குது, அதை அணைங்க'' என்பார் அம்மா. இங்கேயும் அப்படியே. புயல்மேகம் பக்கத்தில் இருந்தால் ஏ.எம் கரகரக்கும், ஏ.டி.எஃப் முள்ளும் மின்னல் பக்கம் தாவும்.

போன ஏப்ரலில், மகளோடு போர்ட் அரான்சாஸ் கடற்கரைக்குக் கிளம்பினேன். காரில் மூன்றரை மணி நேரம், விமானத்தில் ஒன்றரைக்கும் குறைவு. 4,500 அடிக்கு ஏறியதும் பாட்டைப் போட்டேன். வெளியே மேகமும் ஈரப்பதமுமாக இதமான காற்று. 13 வயது மகளுக்கு என் பாட்டு பிடிக்காது. தன் பக்கம் பாட்டை நிறுத்திவிட்டு, பொழுது போகாமல் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சரணத்தில் மெய்ம்மறந்திருந்தபோது, ``அப்பா, இது 2,400-ல இருக்கணும்னுதானே சொன்னீங்க? இப்போ 2,200-தான் காட்டுது'' என்றாள்.

பகீர் என்றது. த்ராட்டிலை நான் தொடவே இல்லை. வேகமும் குறைந்திருந்தது. கார்புரேட்டரில் பனிக்கட்டி! வெயில் நாட்டில் ஏது பனி என்று தோன்றும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் குறையும். காற்றில் ஈரம் இருந்தால் அது உள்ளே பனியாகப் படியும். கவனிக்காமல் விட்டால் இன்ஜினே நின்றுவிடலாம்.

பாட்டை நிறுத்திவிட்டு, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை இழுத்தேன். இன்ஜின் இன்னும் மோசமாக இருமியது. பனி உருகித் தண்ணீராக உள்ளே போகும்போது அப்படித்தான் இருக்கும், பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். படிப்பது வேறு, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பது வேறு. இறங்க ஒரு வயலைக் கண்கள் தேடின. அரை நிமிடம் இருக்கும். முள் மெதுவாக ஏறி, பழைய இடத்துக்கு வந்தது.

``சரியாயிடுச்சாப்பா?''

``ஆயிடுச்சும்மா. நீ பார்த்தது நல்லதாப் போச்சு.''

இன்ஜின் சுருதி இறங்கியது என் காதில் விழவே இல்லை. இரைச்சலை ஹெட்செட் அமுக்கியது, மிச்சத்தைப் பாட்டு மூடிவிட்டது. பல்லவியில் ஒரு ஸ்வரம் பிசகினால் கண்டுபிடிப்பேன் என்று பெருமையடிப்பவன், உயிரைச் சுமந்து போகும் இன்ஜினின் சுருதியைக் கோட்டைவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நானே சில விதிகள் வைத்திருக்கிறேன். கிளம்பும்போதும் இறங்கும்போதும் பாட்டு கிடையாது. மேலே போய் நிதானமாகப் பறக்கும்போது மட்டும், அதுவும் மெல்லிய சத்தத்தில். இரண்டு பாட்டு முடிந்தால் நிறுத்திவிட்டு, மீட்டர்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இன்ஜினை மட்டும் கேட்பேன். பயணிகள் விமானங்களில் புறப்படும்போதும் இறங்கும்போதும் விமானிகள் வேலைக்குத் தேவையில்லாத பேச்சே பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. அதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மாலையில் திரும்பும்போது நான் பாட்டே போடவில்லை. ``என்னப்பா, ரொம்ப அமைதியா இருக்கு. அந்தப் பழைய ரேடியோவைப் போடுங்க'' என்றாள் மகள். ஏ.டி.எஃப்பில் ஹூஸ்டன் நிலையம் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். பேஸ்பால் வர்ணனை மெல்லக் கேட்டது. அவள் ஒரு கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டே ஸ்கோரைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முள் எங்கள் ஊர்ப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.