கொடையும் விலையும்

பயன் கருதிக் கொடுப்பது வணிகம். பயன் கருதாது கொடுப்பதே கொடை. வள்ளல் ஆயைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயனை எண்ணிக் கொடுப்பதையும் வணிகமாகவே கண்டார். புறநானூற்று வகுப்பில் நாம் கற்ற இவ்வேறுபாடு, இணையத்தில் கூடி உழைக்கும் குழுக்களுக்கும் பொருந்துவதை எண்ணி வியக்கிறோம்.

விக்கிப்பீடியா 2001 சனவரி 15 அன்று தொடங்கப்பெற்றது. அந்நாளில் அதன் செலவை ஏற்றது ஒரு வணிக நிறுவனம். விளம்பரம் வெளியிடலாம் என்ற பேச்சு 2002இல் எழுந்தது. ஊதியமின்றி எழுதிவந்த இசுபானிய மொழியினர் பலர் அதனைப் பொறாது பிரிந்து சென்று, செவில் பல்கலைக்கழகத்தின் துணையுடன் தனிக் கலைக்களஞ்சியமே கண்டனர். தாம் இலவசமாக ஈந்த உழைப்பைப் பிறர் விலைப்பொருளாக்குவதை அவர்கள் விரும்பவில்லை. அதன்பின் விளம்பர எண்ணம் கைவிடப்பட்டது. 2003இல் இலாப நோக்கமற்ற விக்கிமீடியா அறக்கட்டளை தோன்றியது. அன்றுதொட்டு நன்கொடையே அதன் பெருந்துணையாயிற்று.

அங்கே பொருள் கொடுத்தவர்க்குத் தனிச்சலுகை யாதுமில்லை. ஆயிரம் ரூபாய் அளித்தவரும் ஒன்றும் அளியாதவரும் ஒரே கட்டுரையை ஒரே உரிமையுடன் படிக்கின்றனர், திருத்துகின்றனர். கட்டணம் செலுத்தியோர்க்கு மட்டும் சிறப்புரிமை என்றிருந்தால் என்னவாகும்? நம் துறையில் பயில்வோருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். திங்கள்தோறும் கட்டணம் செலுத்த அவர்களால் இயலாது. ஆயினும் 2003இல் மலர்ந்த தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு சந்திப்பிழையைத் திருத்த அவர்களால் இயலும். பணமில்லாத அக்கையைத் தடுத்தால் இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று, தமிழுக்கும் ஆகும்.

நன்கொடை நிலையற்றதன்றோ எனச் சிலர் வினவுவர். உண்மையே, படிப்போருள் மிகச் சிலரே கொடுக்கின்றனர். ஆனால் அச்சிலரின் ஈகையால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணி தொடர்கிறது. கேட்டுப் பெறுவோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டோர் ஆவர். அவ்வறக்கட்டளை தணிக்கை செய்யப்பெற்ற வரவு செலவு அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கொடுப்போர் நம்பிக்கைக்கு அதுவே வேர்.

எனவே கூட்டுப்பணி ஒன்றினைத் தொடங்கும் இளைஞர்க்கு நாம் கூற விழைவது இதுவே: உறுப்பினரிடையே உயர்வு தாழ்வை விற்றுப் பொருள் ஈட்டாதீர், தேவையை மறையாது சொல்லிக் கேளுங்கள், பெற்றதற்குக் கணக்குக் காட்டுங்கள். இயன்றவர் பொருள் தரட்டும். இயலாதவர் உழைப்பைத் தரட்டும். இருவரும் ஒரே பந்தியில் அமரட்டும்.