விழுங்குவதும் துப்புவதும்

என் பெண்ணுக்கு வயது இரண்டு. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் நடக்கும். ஆயுதம், ஒரு கிண்ணம் பருப்பு சாதம். பிசைவதும் ஊட்டுவதும் என் டிபார்ட்மெண்ட். வாங்கிக்கொள்வாள். ரெண்டு நிமிஷம் கன்னத்தில் அதக்குவாள். அப்புறம் 'த்தூ!' என் பனியன் மேல்.

போன மாதம் ஒருநாள், ஆபீஸ் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, தாடையைப் பிடித்துத் திணித்தேன். மறுபடி 'த்தூ'. முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அழுவதற்கு முன்னால் ஒரு வினாடி என்னை நிமிர்ந்து பார்த்தாள் பாருங்கள், அன்றைக்கு எனக்குத் தூக்கம் போச்சு.

தூக்கம் வராமல் எதையோ புரட்டும்போதுதான் கடல் முயல் அறிமுகமானது. பேர்தான் முயல், ஆசாமி நத்தைக்குப் பங்காளி. கலிபோர்னியாக் கடலோரத்தில் பாசி தின்று காலம் தள்ளும் ஜந்து. நினைவு எப்படி உண்டாகிறது என்பதை இதை வைத்து ஆராய்ந்த எரிக் காண்டல், 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். இதற்கு மொத்தமே 20,000 சொச்சம். அதிலும் சில வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெரிசு. ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

இதன் வாய்க்குள் பல் பதித்த நாக்கு மாதிரி ஒரு பட்டை உண்டு. சில நரம்பணுக்கள் 'முன்னால் போ' என்று அதைத் தள்ளும். அப்போது 'பின்னால் வா' கோஷ்டியின் வாயை அடைத்துவிடும். அடுத்து அந்தக் கோஷ்டியின் முறை. முதல் கோஷ்டி கப்சிப். இப்படி மாறி மாறித்தான் சாப்பாடு. அந்த நரம்பு முடிச்சைத் தனியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாலும், பாசியும் இல்லாமல் வயிறும் இல்லாமல் அதே தாளம் போடும். பதினோரு மணியானால் பசியில்லாமலே கேன்டீனுக்கு எழுந்து போகும் நம்ம ஆட்கள் ஞாபகம் வந்தது.

விஷயம் இனிமேல்தான். விழுங்க ஒரு செட் தசை, துப்ப வேறு செட் என்று கிடையாது. அதே தசைகள், பெரும்பாலும் அதே நரம்பணுக்கள். பட்டை உள்ளே வரும்போது பிடி இறுகினால் பாசி உள்ளே. வெளியே போகும்போது இறுகினால் வெளியே. பி.காம். பாஷையில் சொன்னால் அதே கணக்கு, அதே தொகை. எந்தப் பக்கம் எழுதுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு சோதனை. பாசியை வலையில் சுற்றிக் கொடுத்தார்கள். கடல் முயல் இழுத்துப் பார்க்கும், விழுங்க முடியாது, வெளியே தள்ளும். பல தடவை முயன்று கடைசியில் விட்டுவிடும். மறுநாள் அதையே நீட்டினால் சீக்கிரமே கைகழுவிவிடும். 'இது இறங்காது' என்று ஒருநாள் கழித்தும் ஞாபகம்!

எனக்குச் சுருக்கென்றது. தினம் எட்டு மணிக்கு நான் என் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது எதை?

மனைவியிடம் சொன்னேன். "என் பொண்ணை நத்தைங்கறீங்களா?" என்றாள்.

"இல்லைம்மா. நத்தைக்கே வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்குங்கறேன்."

மறுநாள் ராத்திரி கிண்ணத்தை அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் அவள் அதைத் தொடவே இல்லை. அப்புறம் விரலால் கிளறினாள். ஒரு பருக்கையை எடுத்தாள். யோசித்தாள். பிறகு ஒரு பிடி அள்ளி என் வாயில் திணித்தாள்.

உப்பே இல்லை. மாதக்கணக்காக நானே பிசைகிறேன். ஒருநாள்கூட ருசி பார்த்ததில்லை.

துப்பலாமா என்று நினைத்தேன். அவள் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினேன்.