சிவன்மலைக் கல்

வேலம்பாளையம் எமது ஊர். பனியன் துணியில் குறை காண்பது எம் அன்னையாரின் தொழில். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாராமல் ஒரு துணியையும் அவர் நல்லதெனக் கொண்டதில்லை. அப்பொறுமை எமக்கு வாய்க்கவில்லை என்பதைச் சிவன்மலை காட்டிற்று.

காங்கேயத்தை அடுத்த அம்மலைக்குப் பாறைப்படம் வரையச் சென்ற யாம், வெண்ணிற அக்கினிப் பாறையைக் கண்டதும் கிரானைட் என்று துணிந்து, அதற்குரிய வண்ணத்தையும் தீட்டிவிட்டோம். ஆசிரியர் கடிந்திலர், "இதில் குவார்ட்சு எங்கே?" என்று மட்டும் வினவினார். யாம் குவார்ட்சென எண்ணியது, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் நெபிலின். கல்லூரிக்கு மீண்டு, அதன் தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிட்டுக் காய்ச்சக் கூழாயிற்று. குவார்ட்சு அவ்வாறு ஆகாது. பாறைக்குழம்பில் சிலிக்கா போதாவிடத்தே நெபிலின் பிறக்கும்; ஆதலின் இவ்விரண்டும் ஒருங்கே வாழா. நிலத்தினடியில் மெல்ல ஆறிய இக்கல் நெபிலின் சயனைட். அக்குழம்பே எரிமலைவழி வெளிப்போந்து விரைவில் ஆறியிருப்பின் போனோலைட் எனப் பெயர் பெறும். இம்மலைப் பாறைகளை ஹாலந்து என்னும் அறிஞர் 1901-இலேயே ஆராய்ந்து எழுதியுள்ளார்.

வண்ணத்தை அழித்து மீண்டும் தீட்டினோம். படத்தை நம்பிக் கல் வெட்டுவோரும் கிணறு தோண்டுவோரும் உளரன்றோ? இதனைக் கேட்ட அன்னையார் நகைத்து, "தொட்டுத் தடவிப் பாக்காம சொல்லலாமா, கண்ணு?" என்றார். எமக்கு மறுமொழி இல்லை.